மீன்களைக் கொன்றது வறட்சி மட்டும்தானா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் புறப்பட்டு, வட கலிபோர்னியா வழியாக ஓடிப் பசிபிக் மகா சமுத்திரத்தில் கலக்கிறது கிளாமத் ஆறு. 2002-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூன்றாவது வாரத்தில், கடலுக்கு அருகே இந்த ஆற்றின் கடைசி 36 மைல் நீளத்தில் சால்மன் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அவை குஞ்சுகள் அல்ல. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தாம் பிறந்த ஆற்றுக்குத் திரும்பி வந்த பெரிய மீன்கள். செத்தவை குறைந்தது 33,000 என்று கலிபோர்னியா மாநில மீன்வள இலாகா கணக்கிட்டது. உண்மையான எண்ணிக்கை இதைப்போல் இரண்டு பங்கு இருக்கலாம் என்றும் அந்த இலாகாவே ஒப்புக்கொண்டது.

செத்த மீன்களைச் சோதித்த விஞ்ஞானிகள் இரண்டு கிருமிகளைக் கண்டார்கள். ஒன்று, இக்தியோஃப்திரியஸ் என்ற ஓரணு ஒட்டுண்ணி. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது வெண்புள்ளி நோய் என்ற பெயரில் நன்றாகத் தெரியும். மற்றொன்று, செவுளை அழுகச் செய்யும் கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இரண்டும் சேர்ந்து செவுள்களைப் பாழாக்கிவிட்டன. மீன்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறி மாண்டன.

வறட்சி வந்தது, ஆறு வற்றியது, கிருமி பெருகியது, மீன் செத்தது, இதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று கையை விரிப்பவர்கள் உண்டு. வறட்சி உண்மைதான். கிருமியும் உண்மைதான். ஆனால் வானத்துக்கும் மீனுக்கும் நடுவே ஒரு மதகு இருக்கிறது. அந்த மதகை எப்போது திறப்பது, யாருக்காகத் திறப்பது என்று முடிவு செய்யும் ஒரு சர்க்கார் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் வறட்சியை மட்டும் பேசுவது பாதி உண்மை. பாதி உண்மையால் லாபமடைகிறவர்கள் யார் என்று பார்ப்பது நம் கடமை.

ஒட்டுண்ணி பெருகும் விதம்

வெண்புள்ளி ஒட்டுண்ணி கிளாமத் ஆற்றுக்குப் புதிதாக வந்த சரக்கல்ல. நன்னீரில் அது எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கிறது. மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் புகுந்து, மீனின் உடலைத் தின்று வளர்கிறது. வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, ஆற்றின் அடியில் கூடு கட்டிக்கொண்டு, உள்ளே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குட்டிகளாகிறது. கூடு வெடித்ததும் இவை அத்தனையும் நீந்தி வெளியே வருகின்றன. ஓரிரு நாட்களுக்குள் இன்னொரு மீனைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் சாக வேண்டியதுதான்.

இங்கேதான் பருவநிலை வந்து சேருகிறது. குளிர்ந்த தண்ணீரில் இந்தச் சுற்று முடியப் பல வாரங்கள் ஆகும். தண்ணீர் வெதுவெதுப்பானால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்து வேகமாக ஓடினால், நீந்தும் குட்டிகள் அடித்துக்கொண்டு போய் மீனைக் காணாமலே மடியும். தண்ணீர் குறைந்து தேங்கினால், எஞ்சியிருக்கும் மடுக்களில் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றிலிருந்து உதிர்ந்தது பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொள்ளும். நெருக்கடியான குடிசைப் பகுதியில் காலரா எப்படிப் பரவுகிறதோ அதே கதைதான்.

வெப்பம் ஏறினால் ஒட்டுண்ணி ஏறிக்கொண்டே போகும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. மிதமிஞ்சிய சூட்டில் இந்த ஒட்டுண்ணியே பெருக முடியாமல் போகிறது. சில ஒட்டுண்ணிகளின் வித்துக்கள் குளிர்ந்த நீரில் அதிக நாள் உயிரோடிருக்கின்றன. சூடான நீரில் சீக்கிரம் செத்துவிடுகின்றன. நத்தையையும் புழுவையும் நம்பி வாழும் ஒட்டுண்ணிகளோ, வெள்ளம் வந்து அவற்றை அடித்துப் போனால் தாமும் குறைகின்றன. எனவே வெறும் சூடு மட்டும் கணக்கல்ல. சூடு, தண்ணீரின் அளவு, ஓட்டத்தின் வேகம், மீன்களின் நெரிசல் நான்கும் சேர்ந்துதான் கொள்ளை நோய் பிறக்கிறது. இந்த நான்கில் மனிதன் கையில் உடனடியாக இருப்பது தண்ணீரின் அளவு. மீன்வள இலாகாவின் 2004-ம் ஆண்டு இறுதி அறிக்கையும், கட்டுப்படுத்தக்கூடிய ஒரே அம்சம் நீரோட்டம்தான் என்று கூறியது.

அந்த ஆண்டு நடந்தது என்ன?

கிளாமத் ஆற்றின் தலைப்பகுதியில் 1905-ம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒரு பாசனத் திட்டத்துக்கு அனுமதி தந்தது. ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் வடித்து, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். 2001-ல் கடும் வறட்சி வந்தது. அழியும் நிலையிலுள்ள மீன்களைக் காக்கும் சட்டத்தின்படி, அந்த ஏப்ரலில் பெரும்பாலான விவசாயிகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. பயிர் காய்ந்தது. ஆயிரக்கணக்கான விவசாயிகள் கையில் வாளியோடு தெருவில் இறங்கினார்கள். வயிற்றெரிச்சலில் மதகை உடைத்துத் திறக்கவும் செய்தார்கள்.

மறு வருஷம் காட்சி மாறியது. 2002 மார்ச்சில் புஷ் சர்க்காரின் உள்நாட்டு இலாகா மந்திரி கேல் நார்ட்டனும், விவசாய மந்திரி ஆன் வெனமனும் நேரில் வந்து விழா எடுத்து மதகைத் திறந்தார்கள். வறட்சி தீர்ந்துவிடவில்லை. இருந்தும் பாசனத்துக்குத் தண்ணீர் போயிற்று. ஆற்றுக்கு மிஞ்சியது குறைந்தது. அந்த இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக மீன் வந்தது. மேலே ஏறிப் போகப் போதிய தண்ணீர் இல்லை. கீழ்ப்பகுதியில் கூட்டமாக நின்ற மீன்களுக்குள் ஒட்டுண்ணி புகுந்தது. மீதியை மேலே சொன்னோம்.

சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்ட சமாதானத்தையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றில் கூடுதல் தண்ணீர் விடுவதற்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று 2002 ஆரம்பத்தில் ஓர் இடைக்கால அறிக்கை தந்தது. அதைத்தான் சர்க்கார் கேடயமாகப் பிடித்தது. ஆதாரம் போதாது என்றால் அர்த்தம் என்ன? ஆபத்து இல்லை என்று அர்த்தமா? சந்தேகம் இருக்கும்போது அதன் பலன் யார் பக்கம் போக வேண்டும் என்பது அரசியல் கேள்வி. சர்க்காரின் சொந்த மீன்வள சேவையில் வேலை செய்த ஓர் உயிரியலாளரே, தங்கள் சிபாரிசு அரசியல் நிர்ப்பந்தத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டது என்று பகிரங்கமாகப் புகார் செய்தார். துணை ஜனாதிபதி டிக் செனி இந்த விவகாரத்தில் எப்படித் தலையிட்டார் என்பதை 2007-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை விரிவாக எழுதியது. மீனவர் சங்கங்களின் சம்மேளனம் தொடுத்த வழக்கில், 2002-ம் ஆண்டுத் திட்டத்துக்கு ஆதாரமாக வைத்த ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகள் சட்டப்படி செல்லாது என்று 2005-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது மீன் செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

நஷ்டம் யாருக்கு? ஆற்றின் முகத்துவாரத்தில் தலைமுறை தலைமுறையாக சால்மனைப் பிடித்துத் தின்று வாழும் யூரோக் பழங்குடி மக்களுக்கு முதல் அடி. அதோடு நிற்கவில்லை. கிளாமத்துக்குத் திரும்பும் மீன் குறைந்துவிட்டது என்பதனால், 2006-ல் ஓரிகன், கலிபோர்னியா கடற்கரையில் சுமார் 700 மைல் நீளத்துக்குச் சால்மன் பிடிப்பு கடுமையாக வெட்டப்பட்டது. கடலில் சால்மன் பிடிக்கும் சிறு படகுக்காரன், ஐஸ் உடைப்பவன், மீன் சுமப்பவன் எல்லோரும் வேலை இழந்தார்கள். 6 கோடி டாலர் நிவாரணம் என்று 2007-ல் சர்க்கார் கஜானாவைத் திறக்க நேர்ந்தது. ஆற்றில் விடாத தண்ணீருக்கு ஜனங்களின் வரிப்பணம் விலையாயிற்று.

2014-ல் ஏன் சாகவில்லை?

வறட்சி வந்தால் மீன் சாவது தலைவிதி என்றால், 2014-ல் அதைவிடப் பெரிய சாவு நடந்திருக்க வேண்டும். கலிபோர்னியா அப்போது மிகக் கொடிய வறட்சியில் சிக்கியிருந்தது. ஆனால் அந்த ஆண்டு அப்படி நடக்கவில்லை. ஏன்?

2002-க்குப் பிறகு யூரோக் மக்களின் மீன்வளத் துறை, மீன் ஏறி வரும் காலத்தில் மீன்களைப் பிடித்துச் செவுளைச் சோதித்துக்கொண்டே இருந்தது. 2014 செப்டம்பரில் அதே வெண்புள்ளி ஒட்டுண்ணி ஏராளமாக இருப்பதைக் கண்டு எச்சரிக்கை செய்தது. துணை ஆறான டிரினிட்டியின் அணையிலிருந்து உடனே கூடுதல் தண்ணீர் திறக்கப்பட்டது. ஓட்டம் பெருகியது. மீன்கள் நகர்ந்தன. மூட்டை மூட்டையாகப் பிணம் ஒதுங்கவில்லை. அதே ஆறு, அதே ஒட்டுண்ணி, அதைவிடக் கடும் வறட்சி. மாறியது மதகு மட்டுமே.

இந்தத் தண்ணீரும் சும்மா கிடைத்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டு, அதாவது 2013 ஆகஸ்டில், மீன்களுக்காக டிரினிட்டி நீரைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பெரும் பண்ணை முதலாளிகளின் கோட்டையான வெஸ்ட்லண்ட்ஸ் பாசன அமைப்பு கோர்ட்டுக்கு ஓடியது. கோர்ட்டு முதலில் தற்காலிகத் தடை போட்டது. பிறகு தடையை நீக்கித் தண்ணீர் விட அனுமதித்தது. மீனுக்காகத் தண்ணீர் விட சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல 2017 ஆயிற்று. ஒட்டுண்ணிக்கு ஒரு வாரம் போதும். கோர்ட்டுக்கு நாலு வருஷம் வேண்டும்.

வெள்ளம் இல்லாததால் வாழ்ந்த புழு

கிளாமத்தில் இன்னொரு ஒட்டுண்ணியும் உண்டு. செரட்டோநோவா ஷாஸ்டா என்று பெயர். இது பெரிய மீனைவிடக் குஞ்சுகளுக்கே எமன். குடலை அழுகச் செய்து கொல்கிறது. இது மீனிலிருந்து நேராக மீனுக்குப் பரவுவதில்லை. ஆற்றின் அடியில் வண்டலிலும் பாசியிலும் குழல் கட்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு புழு நடுவே இருக்கிறது. செத்த மீனின் உடலிலிருந்து வித்து வெளியேறிப் புழுவுக்குள் போகிறது. புழுவிலிருந்து வேறு உருவத்தில் வித்து வெளிவந்து மீனுக்குள் போகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் இந்தச் சுற்றை 1997-ல் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

இந்தப் புழுவுக்கு எது சௌகரியம்? அசையாத ஆற்றடி. மழைக்காலத்தில் பெருவெள்ளம் வந்து கல்லையும் மணலையும் புரட்டிப்போட்டால் புழுவின் குடியிருப்பு கலையும். கிளாமத்தில் மின்சாரக் கம்பெனிக்காகக் கட்டிய அணைகள் அந்தப் புரட்டலைத் தடுத்துவிட்டன. அணைக்குக் கீழே ஆற்றடி ஆண்டு முழுவதும் அசையாமல் கிடந்தது, புழு பெருகியது. அணையைத் தாண்ட முடியாத சால்மன்கள் அதே இடத்தில் குவிந்து முட்டையிட்டுச் செத்தன, வித்துக்குப் பஞ்சமில்லை. இதன் மேல் வறட்சியும் வந்து உட்கார்ந்தது. 2014-ல் சோதித்த குஞ்சுகளில் 100-க்கு 81, 2015-ல் 100-க்கு 91 இந்த ஒட்டுண்ணி பிடித்தவை. ஹூப்பா, யூரோக் பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். புழுவைக் கழுவித் தள்ளும் அளவுக்குக் குளிர்காலத்தில் வெள்ளம் போலத் தண்ணீர் விட வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் கோர்ட்டு உத்தரவிட்டது.

2021-ல் வறட்சி மறுபடி வந்தது. அந்தக் கழுவும் நீர் விடப்படவில்லை. மே மாத ஆரம்பத்தில், ஷாஸ்டா, ஸ்காட் என்ற இரு துணை ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பொறியில் சிக்கிய குஞ்சுகளில் 100-க்கு 97 நோய் பிடித்தவை என்று யூரோக் மீன்வளத் துறை அறிவித்தது. ஒரு தலைமுறை மீன் கண்ணெதிரே போயிற்று. அதே மாதத்தில் விவசாயிகளின் பிரதான வாய்க்காலும் அடைக்கப்பட்டது. 114 ஆண்டுகளில் முதல் முறையாக அதில் தண்ணீர் ஓடவில்லை. அங்கே கிணறுகளும் வற்றின.

கிளாமத் மட்டும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். 2016 ஆகஸ்டில் மான்டானா மாநிலத்தின் யெல்லோஸ்டோன் ஆற்றில் வெயிலும் நீர்க்குறைவும் சேர்ந்தபோது, மீனின் சிறுநீரகத்தை வீங்கச் செய்யும் வேறோர் ஒட்டுண்ணி ஆயிரக்கணக்கான வெண்மீன்களைக் கொன்றது. நோய் பரவாமலிருக்க 183 மைல் ஆற்றையும் துணை ஆறுகளையும் மூடிவிட்டார்கள். படகு ஓட்டுபவர்களும் மீன்பிடிக்க வழிகாட்டிப் பிழைப்பவர்களும் சீசன் நடுவில் வேலையற்று நின்றார்கள்.

ஒரே தண்ணீர், இரண்டு வாக்குறுதி

2021-ல் விவசாயியும் தோற்றான், மீனவனும் தோற்றான். பத்திரிகைகள் இதை விவசாயிக்கும் பழங்குடிக்கும் நடக்கும் சண்டையாகவே எழுதுகின்றன. இது தவறு. வரலாற்றைப் பாருங்கள். 1864-ல் மேல் கிளாமத் பழங்குடிகளோடு ஒப்பந்தம் செய்து, நிலத்தை வாங்கிக்கொண்டு, மீன்பிடி உரிமை உங்களுடையது என்று எழுதிக் கொடுத்தது அமெரிக்க சர்க்கார். 1905-க்குப் பிறகு அதே ஏரித் தண்ணீரைக் காட்டி விவசாயிகளைக் குடியேற்றியதும் அதே சர்க்கார். இரண்டு உலக யுத்தங்களிலிருந்தும் திரும்பிய சிப்பாய்களுக்குக் குலுக்கல் போட்டு நிலம் கொடுத்து, தண்ணீர் உண்டு என்று நம்பவைத்தார்கள். ஒரே தண்ணீரை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தவன் ஒதுங்கி நிற்கிறான். எழுதி வாங்கியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மழை நன்றாகப் பெய்த காலத்தில் இந்த மோசடி தெரியவில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகத்தைச் சூடாக்கியதன் விளைவாக, மலைமேல் பனி குறைகிறது. வறட்சி அடிக்கடி வருகிறது. அதனால் பழைய கடன்பத்திரம் வெளியே வருகிறது. ஒட்டுண்ணி அந்தக் கடனை மீனின் செவுளில் வசூல் செய்கிறது.

அணை போயிற்று, கணக்கு யார் தலையில்?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழங்குடி மக்கள் 2002-ம் ஆண்டுச் சாவை மறக்கவில்லை. கம்பெனியின் பங்குதாரர் கூட்டங்கள் வரைக்கும் போய்ப் போராடினார்கள். 2022 நவம்பரில் மத்திய மின்சாரக் கமிஷன் அணைகளை இடிக்க அனுமதி தந்தது. 1918-க்கும் 1960-களுக்கும் இடையில் எழுந்த நான்கு அணைகளில் ஒன்று 2023-லும், மற்ற மூன்றும் 2024-லும் அகற்றப்பட்டன. அதே 2024 அக்டோபரில் சால்மன்கள் அணை இருந்த இடங்களைத் தாண்டி ஓரிகன் மாநிலத்துக்குள் ஏறின. நூறு ஆண்டுக்கு மேல் அந்த நீரோடைகள் சால்மனைக் கண்டதில்லை.

செலவுக்கு ஒதுக்கிய சுமார் 45 கோடி டாலரில் 20 கோடி மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தது. 25 கோடி கலிபோர்னியா மாநிலக் கடன்பத்திரப் பணம். ஆண்டாண்டு காலம் மின்சாரம் விற்று லாபம் கண்ட பசிஃபிகார்ப் கம்பெனியின் முதலாளிகள் சட்டைப் பையிலிருந்து இதில் கை வைக்கவில்லை. அணை இருந்தபோது லாபம் தனியாருக்கு. அணையை எடுக்கும்போது செலவு பொதுஜனத்துக்கு!

அணை போனதால் ஒட்டுண்ணி ஒழிந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். புழு ஆற்றில் இருக்கிறது, வெண்புள்ளியும் இருக்கிறது. ஆறு தன் வெள்ளத்தில் தன்னைக் கழுவிக்கொள்ள வழி திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏரியின் மதகும் டிரினிட்டியின் மதகும் அங்கேயேதான் இருக்கின்றன. அடுத்த வறட்சியில் அவை யார் சொல் கேட்கும் என்பது இன்னும் தீராத கேள்வி.

செய்ய வேண்டியது

முதலாவது, ஆற்றுக்கென்று குறைந்தபட்சத் தண்ணீரைச் சட்டப்படி ஒதுக்க வேண்டும். கோடையில் நெரிசலைக் குறைக்கவும், குளிர்காலத்தில் ஆற்றடியைக் கழுவவும் இது வேண்டும். வறட்சி வந்தபின் கோர்ட்டு வாசலில் நின்று கேட்கும் பிச்சையாக அது இருக்கக் கூடாது.

இரண்டாவது, செவுளைச் சோதிக்கும் வேலை நிரந்தரமாக நடக்க வேண்டும். 2014-ல் ஆற்றைக் காத்தது பெரிய யந்திரம் எதுவுமல்ல. மீனைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்த ஆட்கள். அந்த ஆட்களின் சம்பளத்தைச் சிக்கனம் என்ற பெயரில் வெட்டுவது நோயை விலை கொடுத்து வாங்குவதாகும். மீனவ மக்களே நடத்தும் சோதனைக்குச் சர்க்கார் பணம் தர வேண்டும். அவர்கள் எச்சரிக்கைக்கு மதகு கட்டுப்பட வேண்டும்.

மூன்றாவது, வறண்ட ஆண்டில் தண்ணீர் இழக்கும் சிறு விவசாயிக்கும், பிடிப்பு இழக்கும் மீனவனுக்கும் ஒரே சமயத்தில், தயவாக அல்லாமல் உரிமையாக, நஷ்டஈடு கிடைக்க வேண்டும். இரண்டு வாக்குறுதி கொடுத்தவன் இரண்டையும் காப்பாற்ற வேண்டும். அப்போதுதான் இவர்களை ஒருவர் மேல் ஒருவராக ஏவிவிடும் விளையாட்டு நிற்கும்.

வானிலையை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஒட்டுண்ணியை அடியோடு ஒழிக்கவும் முடியாது. மதகைத் திறப்பது மட்டும் மனிதர் கையிலிருக்கும் காரியம். வறட்சியைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு மதகை மறைப்பவர்களைப் பார்த்து, அந்த ஆண்டு தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். விவசாயியும் மீனவனும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.